மலைமணி நிற்கப் போகிறதாம்

அக்டோபர் 5, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து பத்தரைக்கு 'மலைமணி' பார்த்தேன். இந்த வாரம் அக்காக்காரியும் தம்பிக்காரனும் மணியைத் தூக்கிக்கொண்டு ஒரு தொங்குபாலத்தில் நடந்தார்கள். நடுப்பாலத்தில் தம்பிக்காரனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பாலம் முடியவில்லை, படம் முடிந்துவிட்டது.

ஜப்பான்காரர் ஒருவர் வரைந்த பொம்மைப் படம். எரிந்துபோன ஊரில் மிஞ்சின ஒரே ஒரு மணி. அதை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அவ்வளவுதான் கதை. பதினாலு வருஷமாக நடக்கிறார்கள். "ஒரு லாரியப் பிடிச்சா ஒரே நாள்ல போயிரலாம்லா" என்று என் வீட்டுக்காரரைக் கேலி செய்வேன். நாற்பத்தாறு வயசு மனுஷன், கடலுக்கு அடியில் போய்ச் சங்கு எடுக்கிற ஆள், வீட்டுக்கு வந்தால் போனைப் பிடித்துக்கொண்டு பொம்மைப் படம். கடல் படமாகப் பார்த்தாலும் பரவாயில்லை என்றேன் ஒருநாள். "கடலத்தான் தெனமும் பாக்கேன்ல, இதுலயும் அதையே பாக்கவா? பனிய நான் எங்கன போயி பாப்பேன்?" என்றார்.

பதினோரு மணிக்கு விஜிலா கூப்பிட்டாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். பதினெட்டு நிமிஷம் பேசினாள். பாலத்துக் கயிறு அறுந்துவிடும் என்றாள். அறாது என்றேன். வைக்கப்போகும்போது, "அம்மா, படம் கொஞ்ச நாள் நிக்கப்போவுதுன்னு பேசிக்கிடுதாங்க. கடைசில அடுத்த வாரம் என்னன்னு காட்டலல்லா?" என்றாள்.

காட்டவில்லைதான். நான் கவனிக்கவே இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

எறால் கம்பெனியில் பக்கத்தில் நின்று உரிக்கிற பேச்சியிடம் சொன்னேன், படம் நிற்கப் போகிறதாம் என்று. சொல்லியிருக்கக் கூடாது.

"ஏளா செல்வி, பொம்மைக்கு லீவு விட்டா ஒனக்கு என்னளா? ஒனக்கா சம்பளத்துல பிடிக்கப் போறான்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐஸில் விரல் மரத்த மாதிரிக் காதும் மரத்துப்போனதால் சூப்பர்வைசர் திட்டினது உறைக்கவில்லை. நரம்பு எடுக்காமல் ஒரு தட்டு முழுக்க அனுப்பியிருக்கிறேன்.

அக்டோபர் 8, புதன்

யூடியூபில் கண்ணாடி போட்ட ஒரு தம்பி இந்தப் படத்தைப் பற்றியே பேசுகிறான். சென்னைப் பிள்ளை போல இருக்கிறது. படம் நிற்பதற்கு நாலு காரணம் சொன்னான். கதை முதலில் புத்தகமாக வருமாம், எழுதின வரைக்கும் படம் எட்டிப் பிடித்துவிட்டதாம். இல்லையென்றால் கம்பெனிக்காரர்களுக்குள் சண்டை. இல்லையென்றால் வரைகிறவர்களுக்கு ஓய்வு. நாலாவது, இதை எழுதி வரைகிற அந்த ஜப்பான்காரர் கென்சாகு தொமாரிக்கு உடம்பு சரியில்லை.

அவன் சொன்னதில் எது நிசம்? அவனுக்கே தெரியாதுபோல. ஒவ்வொன்றையும் "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று முடிக்கிறான். அப்புறம் எதுக்குடா வீடியோ போடுத?

கீழே ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினேன். "தம்பி நிக்காதுல்லா." அதற்கு ஒரு இருதயம் போட்டிருக்கிறான். நிக்கும் என்றா, நிக்காது என்றா?

அக்டோபர் 12, ஞாயிறு

புதுசு வரவில்லை. பழைய துண்டுகளை ஒட்டிப் போட்டார்கள். சின்ன வயசுப் பிள்ளைகளாக அவர்கள் ஊரை விட்டுக் கிளம்பின காட்சி எல்லாம்.

விஜிலா கூப்பிட்டாள். ஆறு நிமிஷம். பேசுவதற்கு என்ன இருக்கிறது, எல்லாம் பார்த்ததுதானே.

இதை யாரிடம் சொல்ல. அவள் அப்பாவின் அடக்கத்தன்று அவள் அழவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றாள். நான் கையைப் பிடிக்கப் போனபோது துண்டு எடுக்கிற மாதிரி நகர்ந்துவிட்டாள். முப்பதாம் நாள் பூசை முடிந்து ஹாஸ்டலுக்குப் போனாள். பிறகு போனில், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வைக்கவா. அரை நிமிஷம். ஒரு ஞாயிறு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் போனை எடுத்து அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிட்டாள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், "ஏளா, மணி ஆத்துக்குள்ள விழுந்திருச்சு." பிறகு பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. இருபத்திரண்டு நிமிஷம்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறு விட்டதில்லை. முதலிலிருந்தும் பார்க்கிறேன், ராத்திரிச் சோறு வடிக்கிறபோது ஒன்று, படுக்கிறபோது ஒன்று. அவள் கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா?

படம் நின்றால் அவள் எதற்குக் கூப்பிடுவாள்?

அக்டோபர் 15, புதன்

மூன்று வீடியோ பார்த்தேன். மூன்றும் மூன்று விதம். தலை வலிக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி, கம்பெனி லீவு. பேச்சி முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து குசினியில் வைத்துவிட்டு, "மூஞ்சியப் பாரு, இன்னுமா படம் வரல?" என்று கேட்டுப் போனாள்.

நேற்றும் பழைய துண்டுகள்தான். விஜிலா கூப்பிடவில்லை. போனில் கும்பிடுகிற கைப் பொம்மை ஒன்றை மட்டும் அனுப்பினாள். நான் திருப்பி என்ன அனுப்ப என்று தெரியாமல் நானும் கும்பிட்டேன்.

இன்று எழுதிவிடுகிறேன். எழுதினால் குறையும் என்றுதான் கன்னியாஸ்திரி அம்மா இந்த டைரியைத் தந்தார்கள். எழுதிப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன். அவருக்கு இரண்டு நாளாக சளி. சளி இருந்தால் காது அடைக்கும், காது அடைத்தால் சங்கு குளிக்கக் கடலுக்குள் இறங்கக்கூடாது. அது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். "இன்னைக்கு இருந்துக்கிடுதேன் செல்வி" என்றார். போன ஞாயிறு கல்யாண வீட்டுக்குப் போனதில் பார்க்காமல் விட்ட படம் ஒன்று இருந்தது. போனைக் கையில் எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் அப்படி வந்தது? தண்ணீர் வரவில்லை, பூனை மீனைத் தின்றுவிட்டது, ஏதோ ஒன்று. "வீட்டுல கெடந்தா அந்தப் பொம்மைப் படத்தத்தான பாப்பீக. கடலு சும்மா தூங்குது. போங்க" என்றேன். போங்கன்னேன். நாந்தான் சொன்னேன். அவிய சிரிச்சிக்கிட்டே சட்டையப் போட்டாவ.

மத்தியானம் கூடச் சங்கு குளிக்கிற ஜெஸ்டின் தம்பியின் வள்ளத்தில் அவர் உடம்பைக் கொண்டுவந்தார்கள்.

விஜிலாவுக்கு இது தெரியாது. யாருக்கும் தெரியாது.

குறையவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

புதுப் படம் வந்தது! கயிறு அறவில்லை. நான் சொன்னதுதான். தம்பிக்காரனை முதுகிலும் மணியை நெஞ்சிலும் கட்டிக்கொண்டு அக்காக்காரி தவழ்ந்து வந்து சேர்ந்தாள்.

விஜிலா பதினாறு நிமிஷம். ஆனால் நல்ல செய்தி இல்லை. தொமாரி ஆஸ்பத்திரியில் இருப்பது உறுதி என்று சொல்கிறார்களாம். கை நரம்பா வயிறா என்று தெரியவில்லை. அறுபத்தொரு வயசு. பதினாலு வருஷமாக அந்த மனுஷன் சரியாகத் தூங்கினதில்லையாம்.

கல்லறைத் திருநாளுக்கு வருவாயா என்று கேட்டேன். வார்டு டூட்டி போட்டுவிட்டார்களாம். "கோயில் லைவ்ல பாக்கேன். அப்பா பேர வாசிக்கும்போது பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அக்டோபர் 29, புதன்

வேலை முடிந்து கோயிலுக்குப் போனேன். இறந்தவர்கள் பேரை எழுதிக் கொடுக்க நாளைக்குத்தான் கடைசி. இந்த வருஷம்தான் எங்கள் வீட்டிலிருந்து அவர் பேர். ஒரு தாளில் எழுதினேன், கிளாட்வின். எழுத்து கோணலாகப் போய்விட்டது.

அப்போதுதான் தோன்றியது. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பூசைக்குப் பேர் கொடுக்கிறோம். ஜப்பானில் கோயில் இருக்கிறதோ என்னவோ, படம் எழுதுகிறவருக்கு யார் கொடுப்பார்கள்? போனில் பார்த்து எழுத்து எழுத்தாக அந்தத் தாளிலேயே கீழே எழுதினேன். கென்சாகு தொமாரி. சுகத்துக்கு என்று வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கோயிலில் பேர்களை வாசிக்கிற உபதேசியார் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் வெள்ளையடிக்கிற ஆட்களைப் பார்க்கப் போய்விட்டாராம். அவர் சம்சாரம்தான் இருந்தார்கள். "மேல உள்ளவுக எறந்தவுக, கீழ உள்ளவுக சுகத்துக்கு, சொல்லிருங்கக்கா" என்றேன். "சொல்லிருதேன், நீ போ" என்றார்கள், பயறு புடைத்துக்கொண்டே.

நவம்பர் 2, ஞாயிறு

சாயந்தரம் கல்லறைத் தோட்டத்தில் பூசை. மெழுகுதிரி, பூ, சனம். உபதேசியார் மைக்கில் பேர்களை வாசித்துக்கொண்டே வந்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். கிளாட்வின் என்று வந்தது. அழுகை நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது.

அடுத்து, "கென்சாகு தொமாரி" என்றார்.

கூட்டத்தில் ஒருத்தரும் திரும்பவில்லை. இந்த ஊர்க் கல்லறையில் அப்படியும் ஒரு ஆள் கிடக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். என் கையில் இருந்த மெழுகுதிரி சாய்ந்து மெழுகு விரலில் ஊற்றியது. அழுகை எங்கே போனது? என் புருஷன் பேருக்கு என்னால் அழக்கூட முடியவில்லை.

போன் அடித்தது. விஜிலா. கோயில் லைவில் பார்த்திருக்கிறாள்.

"அம்மா, செத்துட்டாரா? தொமாரி சார் செத்துட்டாராம்மா?"

அவள் அழுதாள். என் பிள்ளை அழுதாள். அப்பாவைத் தூக்கும்போது அழாதவள், மூக்கு உறிஞ்சி, தேம்பித் தேம்பி, சின்னப் பிள்ளை மாதிரி. இல்லை மக்கா, உயிரோடுதான் இருக்கார், நான் சுகத்துக்குக் கொடுத்த பேர், மாற்றி வாசித்துவிட்டார்கள் என்று நாலு தடவை சொன்னேன்.

அழுகை நின்றது. "நீயா குடுத்த? எதுக்கு?"

"படம் நிக்கக் கூடாதுன்னு."

"அதான் எதுக்கு?"

மெழுகுதிரி அணையுது மக்கா, பொறவு பேசுதேன் என்று வைத்துவிட்டேன். எல்லாத் திரியும் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

நவம்பர் 3, திங்கள்

கோயில் லைவ் எடுக்கிற மெல்வின் காலையிலேயே வந்துவிட்டான், முகம் வெளுத்துப்போய். எப்போதும் முப்பது நாற்பது பேர் பார்க்கிற வீடியோவாம். விடிவதற்குள் நாற்பதாயிரம் பேர். யாரோ அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கண்ணாடிக்காரத் தம்பி அதைப் போட்டுக் காட்டிப் பேசுகிறான். "மக்களே, தூத்துக்குடில ஒரு சர்ச்ல அஞ்சலி செலுத்தியிருக்காங்க. அவங்களுக்கு முன்னாடியே தகவல் தெரிஞ்சிருக்கலாம். ஹார்பர் ஊர், ஜப்பான் கப்பல் வர்ற ஊர்." கீழே ஐந்நூறு பேர் அழுகிற பொம்மை போட்டிருக்கிறார்கள்.

எதுவும் தெரியாமல் ஒரு மாசமாக அவன் பேசினதை நான் நம்பினேன். இப்போது அவன் என்னை நம்புகிறான்.

உபதேசியாரிடம் ஓடினேன். அவர் சம்சாரம் சொல்ல மறந்துவிட்டார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் துறைமுகத்துல எறந்துபோன கப்பல்காரன்னுல்லா நெனச்சேன். பாவம், அநாதையாப் போச்சேன்னு கொஞ்சம் நிறுத்தித்தான் வாசிச்சேன்" என்றார்.

பங்குச்சாமி திட்டுவார் என்று போனேன். திட்டவில்லை. வர்ற ஞாயிறு நோயாளிகள் வரிசையில் வாசிக்கச் சொல்கிறேன், மெல்வின் அதையும் போடட்டும் என்றார். அப்புறம் மெதுவாக, "கதையில இப்ப எங்க வந்திருக்காங்க?" என்று கேட்டார். அவர் தம்பி மகன் பார்ப்பானாம். பாலத்தைத் தாண்டிவிட்டார்கள் சாமி என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

பேச்சி: "செத்துட்டான்னு சேதி வந்தா ஆயுசு கூடும்ளா. நீ ஒரு உசுரக் காப்பாத்தியிருக்க." அப்புறம் கம்பெனி முழுக்க "ஜப்பான்காரன் பொண்டாட்டி" என்று பேர் வைத்துவிட்டாள். அடிக்கப் போனேன். சிரிப்பு வந்துவிட்டது. நின்று மூச்சு வாங்கும் மட்டும் சிரித்தேன், பிறகு, நான் இப்படிச் சிரிக்கலாமா என்று பயமாக இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

நோயாளிகள் வரிசையில் வாசித்தார்கள். படமும் வந்தது. ஆனால் பாதிக்கு மேல் ஒரே பனி, ஆள் நடக்கிற சத்தம் மட்டும்.

விஜிலா பத்து நிமிஷம். "ஒன்னாலதான் தமிழ்நாடே அழுதுச்சு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குக் கேட்டதை அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று பத்து நிமிஷமும் அந்தப் பனியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். கேட்காமல் வைத்ததும், கேட்டிருக்கலாமே என்று இருக்கிறது. என்ன பிறவி நான்?

நவம்பர் 16, ஞாயிறு

படம் முடிந்ததும் கறுப்பாக ஒரு பலகை. ஆசிரியரின் உடல்நிலை காரணமாகத் தொடர் நிறுத்தி வைக்கப்படுகிறது, மீண்டும் வரும் நாள் பிறகு தெரிவிக்கப்படும்.

இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாம் தடவை வாசிப்பதற்குள் போய்விட்டது.

மணி இன்னும் மலையில்தான் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரு பாறைக்கு அடியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியே விட்டுவிட்டார்கள்.

விஜிலா: "பாத்தியா." எழுத்து மட்டும். "பாத்தேன்" என்று அனுப்பினேன். அவ்வளவுதான்.

நவம்பர் 19, புதன்

எப்ப வரும் என்று கண்ணாடிக்காரத் தம்பி ஆறு விதமாகச் சொல்கிறான். பாதியில் அணைத்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

பத்தரை ஆனது. ஒன்றும் இல்லை. பதினொன்று. போனைத் துணி மேலே வைத்தேன், அடுப்புப் பக்கம் வைத்தேன், திரும்ப எடுத்துச் சத்தம் கூட்டி வைத்தேன். வாசலைப் பெருக்கினேன், பெருக்கின வாசலையே மறுபடி பெருக்கினேன். பதினொன்றரைக்கு நானே கூப்பிட்டேன். இத்தனை மாசத்தில் நானாகக் கூப்பிட்டது இன்றைக்குத்தான்.

"அம்மா? இன்னைக்குப் படம் இல்லையே."

"தெரியும்."

"பொறவு என்னம்மா?"

சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வேறு வந்துவிட்டது. "ஒங்கப்பாவ நாந்தான் போகச் சொன்னேன் மக்கா. காது அடச்சிருக்கு, இருக்கேன்னு சொன்னாவ. பொம்மைப் படம் பாக்கதுக்குத்தான இருக்கீக, போங்கன்னு நாந்தான் வெரட்டுனேன்."

அங்கே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம். வாளி நிறைந்து வழிந்தது.

"தெரியும்மா" என்றாள்.

உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா வள்ளத்துல இருந்து என்னயக் கூப்பிட்டாங்க. ஒங்கம்மா வெரட்டி விட்டுட்டா, சாயந்தரம் வந்துதான் பாக்கணும், நீ கதயச் சொல்லிராதளான்னு சொல்லிச் சிரிச்சாங்க. நீ சொல்லுவ சொல்லுவன்னு இருந்தேன். நீ பாலத்தயும் கயித்தயும் பேசிக்கிட்டு இருந்த. ஒம்பது மாசம்."

"எம்மேல கோவமா மக்கா?"

"ஆமா." குழாயை மூடுகிற சத்தம், பிறகு "ரொம்ப" என்றாள்.

பிறகு அவள் அழுதாள். நானும். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. கடைசியில், "முகம் கழுவணும்மா, டூட்டி இருக்கு" என்றாள்.

நவம்பர் 24, திங்கள்

கூப்பிடவில்லை. கூப்பிடமாட்டாள். சொன்னது சரிதானா? படமும் போச்சு, இனி ஞாயிற்றுக்கிழமைப் போனும் இல்லை. ஆனால் ராத்திரி தூங்கியிருக்கிறேன். காலையில் பாய் விரிப்பு கசங்கவில்லை.

நவம்பர் 26, புதன்

மழையில் கம்பெனிக்கு லோடு வரவில்லை. வீட்டில் இருந்தேன். ஒன்பது மணி போல விஜிலா கூப்பிட்டாள். எனக்குத் திக்கென்றது, புதன்கிழமை எதற்கு என்று.

அறையில் கூட இருக்கிற பிள்ளை இவள் தலையணையை எடுத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறாளாம். அவள் குறட்டை விடுவாளாம், அதைச் சொன்னால் கோபமாம். அந்தக் கதையே நீளமாக ஓடியது. நடுவில் வாசலில் சாளை மீன் வந்தது. "இரி மக்கா, வச்சிராத" என்று போனைத் திண்டில் சாய்த்துவிட்டுப் போனேன். மீன்காரி நேற்றுப் பிடித்த மீனை இன்றைய மீன் என்கிறாள். "கண்ணப் பாரு, செவந்து கெடக்கு, எனக்கா சொல்லுத?" என்று நான் கேட்க, "ஒன் கண்ணு மட்டும் என்ன வெள்ளையாவா இருக்கு?" என்று அவள் கேட்க, நன்றாகவே சண்டை ஆகிவிட்டது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய், திரும்பி வந்து, அடியில் இருந்து நல்லதாக எடுத்துப் போட்டாள்.

போனை மறந்தே போனேன். எடுத்தால் விஜிலா இன்னும் இருக்கிறாள், சிரித்துக்கொண்டு. "அவ திரும்ப வருவான்னு எனக்குத் தெரியும்மா" என்றாள். அப்பா எப்படி மீன்காரியிடம் ஏமாந்து வருவார் என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் ஒன்று சொன்னேன். அவள் ஒன்று சொன்னாள். பாதியில் போன் அணைந்துவிட்டது, சார்ஜ் இல்லை.

சார்ஜில் போட்டுவிட்டு மீனைக் கழுவ உட்கார்ந்தேன். செதில் பாதிதான் எடுத்திருப்பேன், போன் உயிர் வந்து அடித்தது. கையெல்லாம் மீன். "வாரேன், வாரேன்" என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவிவிட்டு எடுத்தேன்.